சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு செயலி

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் ஒரு தலைமையாசிரியர் எழுந்து நின்றால், கல்வியின் பெருமையைப் பற்றியே பேசுவார் என்று எல்லோரும் எதிர்பார்ப்பது இயல்பு. அதனை இம்மேடையில் நம்மினும் நன்றாகப் பேசுவோர் பலர் உளர். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் சற்றே வேறுபட்டது. நம் கழகத்துப் பிள்ளைகள் சிலர் மாலை நேரப் பயிற்சி வகுப்புக்கும் நூலகத்துக்கும் பயன்படும் கைப்பேசிச் செயலி ஒன்றை உருவாக்கி வருகின்றனர். வருகைப் பதிவு, நூல் கொடுக்கல் வாங்கல், உதவித்தொகை விண்ணப்பத்தின் நிலை ஆகிய மூன்றும் அதில் இடம்பெற உள்ளன. அச்செயலிக்குள் யார் நுழையலாம்? நுழைந்தவர் இன்னார்தாம் என்று எவ்வாறு தெளிவது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

நாம் பட்ட வகுப்பில் பயின்றது வரலாறு, கணிப்பொறி அன்று. ஆயினும் நெடுங்காலமாகச் சேர்க்கைப் பதிவேட்டையும் மாற்றுச் சான்றிதழையும் கையாண்டு வருபவருக்கு இப்பொருள் முற்றிலும் அந்நியமானதன்று. அப்பிள்ளைகளுடன் நூலக அறையில் அமர்ந்து, அவர்கள் வாசித்த விளக்கக் குறிப்புகளை நாமும் வாசித்தபொழுது, பெயர்கள்தாம் புதியனவே அன்றிச் செய்திகள் பழகியவையாகவே தோன்றின.

முதற்கண் கடவுச்சொல்லைப் பற்றிச் சில சொற்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், 1960-களின் தொடக்கத்தில், பெர்னாண்டோ கொர்பட்டோ என்னும் அறிஞரின் தலைமையில், ஒரே கணிப்பொறியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் ஏற்பாடு அமைந்தது. ஒருவர் கோப்பை மற்றொருவர் திறவாதிருக்க, அங்கே கடவுச்சொல் முறை புகுத்தப்பட்டது. 1962-ஆம் ஆண்டிலேயே ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கிய கணிப்பொறி நேரம் போதவில்லை என்று, எல்லோருடைய கடவுச்சொல்லையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டார். கடவுச்சொல்லும் கடவுச்சொல் திருட்டும் ஏறக்குறைய உடன்பிறந்தவை என்று இதனால் விளங்கும்.

அதன்பின் அரை நூற்றாண்டு கழிந்தும் நிலைமை பெரிதும் திருந்தவில்லை. 2009 டிசம்பரில் ராக்யூ என்னும் நிறுவனத்தின் கிடங்கு களவாடப்பட்டபொழுது, ஏறத்தாழ 3.2 கோடி கடவுச்சொற்கள் எழுதியது எழுதியபடியே வெளிப்பட்டன. மறைகுறியாக மாற்றி வைக்கும் சிறு முயற்சியைக்கூட அந்நிறுவனம் மேற்கொள்ளவில்லை. அவற்றுள் மிகுதியானோர் வைத்திருந்த சொல் எது தெரியுமா? 123456 என்பதே!

பணமும் ஆளும் உள்ள நிறுவனத்தின் நிலை அது. நம் கழகமோ சந்தாவிலும் நன்கொடையிலும் நடப்பது. நம் பிள்ளை ஒருவர் மின்னஞ்சலுக்கு ஒரு சொல், உதவித்தொகை இணையதளத்துக்கு ஒரு சொல், நம் செயலிக்கு ஒரு சொல் என்று மூன்று சொற்களா வைத்துக்கொள்வார்? ஒன்றையே மூன்றிடத்திலும் எழுதுவார். நம்மிடம் இருந்து அது களவு போனால், களவு போவது நம் நூலகக் கணக்கு மட்டுமன்று. அவருடைய உதவித்தொகைக்கான வழியும் போகும். மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை 1944-ஆம் ஆண்டு முதல் நம் மக்களைக் கல்லூரிக்கு அனுப்பி வருகிறது. அத்தொகை வந்து சேரும் வங்கிக் கணக்கின் வாயிலை நம் அசட்டையால் திறந்து வைக்க நமக்கு உரிமை இல்லை. ஆதலின் கடவுச்சொல்லை நாம் வாங்கவே கூடாது. வாங்காத பொருளைக் களவு கொடுக்க இயலாதல்லவா?

வாங்காமல் எவ்வாறு ஆளை அறிவது? இங்கேதான் மாற்றுச் சான்றிதழ் நினைவுக்கு வருகிறது. ஒரு மாணவர் வேறூர்ப் பள்ளிக்குச் செல்கிறார். அப்பள்ளித் தலைமையாசிரியர் அவரை முன்பின் கண்டதில்லை. ஆயினும் நம் கையொப்பமும் முத்திரையும் உள்ள தாளைக் கண்டு சேர்த்துக்கொள்கிறார். அவர் நம்புவது மாணவரின் வாய்ச்சொல்லை அன்று, சான்றளித்தவரின் முத்திரையை. கிளவுட் என்று வழங்கும் மேகக் கணிமையில் இயங்கும் அடையாளச் சேவை செய்வதும் இதுவே. செயலி பயனரை அச்சேவையிடம் அனுப்புகிறது. சேவை அவரைச் சோதித்து, ‘இவர் இன்னார்’ என்று முத்திரையிட்ட சான்று ஒன்றைத் தருகிறது. செயலி முத்திரையைப் பார்த்து உள்ளே விடுகிறது. கடவுச்சொல் செயலியின் கண்ணில் படுவதே இல்லை.

இவ்வேற்பாட்டுக்கு உலகப் பொதுவான விதிகள் உண்டு. ஓஆத் 2.0 என்பது 2012-இல் வெளியான விதித்தொகுப்பு. ஒரு செயலிக்கு எதனைச் செய்ய இசைவு உண்டு என்பதை அது வகுக்கிறது. அதன் மேல் 2014-இல் எழுந்த ஓபன்ஐடி கனெக்ட் என்பது, வந்தவர் யார் என்று கூறும் சான்றை வகுக்கிறது. கூகுள், மைக்ரோசாஃப்ட், அமேசான் ஆகிய மூன்று நிறுவனங்களும் இவ்விதிகளைத் தழுவிய சேவைகளை நடத்துகின்றன. சொந்தக் கணிப்பொறியிலேயே நடத்த விரும்புவோர்க்குக் கீக்ளோக் என்னும் திறமூல மென்பொருளும் உண்டு. ஆனால் அதனைக் காத்துப் பேண ஒருவர் நாள்தோறும் விழித்திருக்க வேண்டும். நம் பிள்ளைகள் தேர்ந்தது மைக்ரோசாஃப்ட்டின் என்ட்ரா எக்ஸ்டர்னல் ஐடி என்பது. மாதந்தோறும் 50,000 பயனர் வரை அடிப்படைப் பயன்பாட்டுக்குக் கட்டணம் இல்லை என்பதும், கடவுச்சொல்லே இன்றி மின்னஞ்சலுக்கு வரும் ஒருமுறை எண்ணைக் கொண்டு நுழையலாம் என்பதும் அதற்குக் காரணங்கள். இதே நிறுவனத்தின் பழைய சேவையான அஸூர் ஏடி பி2சி என்பதைக் கொண்டு எழுதிய பாடங்கள் இன்னும் பல கிடைக்கின்றன. 2025 மே முதல் நாளிலிருந்து புதியவர்களுக்கு அது வழங்கப்படுவதில்லை. அப்பாடங்களைப் பார்த்து இளைஞர்கள் நாளை வீணாக்க வேண்டா.

இனி, பதிவு செய்யும் முறைக்கு வருவோம். சேவைக்குள் நமக்கென ஒரு தனி வளாகம் முதலில் வேண்டும். அதனை டெனன்ட் என்பர். அவ்வளாகத்தின் நிருவாகப் பக்கத்தில் செயலிப் பதிவுகள் என்னும் பகுதி உண்டு. புதிய பதிவைத் தொடங்கினால் அது கேட்பவை மிகச் சில. பயனர் கண்ணில் படும் பெயர் ஒன்று, எவ்வகைக் கணக்குடையோர் வரலாம் என்பது மற்றொன்று. பதிவு முடிந்ததும் செயலிக்கு 32 பதினாறடி இலக்கங்கள் கொண்ட நீண்ட எண் ஒன்று கிடைக்கிறது. கிளையன்ட் ஐடி என்று அதற்குப் பெயர். நம் பதிவேட்டில் சேர்க்கை எண் எவ்வாறோ, அவ்வாறே இதுவும். சேர்க்கை எண் இரகசியமன்று. அதனை அறிந்த ஒருவர் அம்மாணவராகிவிடவும் முடியாது. இதனை மனத்தில் இருத்திக்கொள்க; பின்னர் இது தேவைப்படும்.

அடுத்து, சான்றை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று பதிவில் எழுத வேண்டும். ரீடைரக்ட் யு.ஆர்.ஐ. எனப்படும் திரும்பும் முகவரி இதுவே. பதிவுத் தபாலை அஞ்சல்காரர் தெருவில் கண்டவரிடம் கொடுப்பதில்லை. உறையில் எழுதிய முகவரியில்தான் கொடுப்பார். அடையாளச் சேவையும் அவ்வாறே. செயலி கேட்கும் முகவரியும் பதிவில் உள்ள முகவரியும் ஓர் எழுத்தேனும் மாறினால், 50011 என்னும் எண்ணுடன் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். உலகெங்கும் புதிதாகச் செயலி செய்வோர் மிகுதியாகத் தடுக்கி விழும் படி இதுவே. ஆகையால் இங்கே சற்று நின்று பார்ப்போம்.

ஆண்ட்ராய்டு செயலிக்கு அம்முகவரி மூன்று உறுப்புகளால் ஆவது. முதலில் எம்எஸ்ஆத் என்னும் முன்னொட்டு; அடுத்துச் செயலியின் தொகுப்புப் பெயர்; இறுதியில் கையொப்பச் சுருக்கம். முதலிரண்டில் ஐயமில்லை. மூன்றாவதே சூட்சுமம் உடையது. ஒவ்வொரு செயலியும் அதனைச் செய்தவரின் சாவியால் ஒப்பமிடப்பட்ட பின்னரே கைப்பேசியில் நிறுவப்படும். அச்சாவியின் சான்றிதழைப் பிழிந்து எடுத்த சாறு போன்றது இச்சுருக்கம்; 28 எழுத்துகள் கொண்டது; சமக்குறியில் முடிவது. அச்சமக்குறியை இணைய முகவரியில் அப்படியே எழுதலாகாது. சதவீதக் குறியிட்ட வடிவில் மாற்றி எழுத வேண்டும். ஆனால் செயலியின் மேனிஃபெஸ்ட் கோப்பிலோ மாற்றாமல் அப்படியே எழுத வேண்டும். ஒரே பொருள், ஒரு கோப்பில் ஒரு வடிவம், மறு கோப்பில் மறு வடிவம்! இத்தகைய முரண்பாட்டை நம் மாணவர் விடைத்தாளில் எழுதினால் சிவப்பு மையால் சுழித்திருப்போம். பெருநிறுவனம் எழுதினால் அது விதியாகிவிடுகிறது.

இதனினும் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. செயலியைச் சோதிக்கும் காலத்தில் ஒவ்வொருவர் கணிப்பொறியிலும் தானாகவே ஒரு சோதனைச் சாவி உண்டாகும். மூவர் சேர்ந்து வேலை செய்தால் சாவிகள் மூன்று, சுருக்கங்களும் மூன்று. எனவே ஒருவர் கணிப்பொறியில் இயங்கும் உள்நுழைவு மற்றவர் கணிப்பொறியில் இயங்காது. மூவருக்கும் தனித்தனி முகவரிகளைப் பதிவில் சேர்க்க வேண்டும். அல்லது மூவரும் ஒரே சோதனைச் சாவியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பின்னர்ச் செயலியைக் கூகுள் பிளே கடையில் வைக்கும்பொழுது மற்றொரு மாற்றம் நேர்கிறது. 2021 ஆகஸ்டு முதல் புதிய செயலிகள் அனைத்தும் ஆப் பண்டில் என்னும் வடிவில்தான் அளிக்கப்பட வேண்டும். அவ்வாறு அளித்தால் இறுதி ஒப்பத்தைக் கூகுளே தன்னிடமுள்ள சாவியால் இடுகிறது. ஆகவே நம் கணிப்பொறியில் நாம் கண்ட சுருக்கம் வேறு. கடையிலிருந்து இறக்கிக்கொள்வோரின் கைப்பேசியில் உள்ள சுருக்கம் வேறு. சோதனையில் நன்றாக இயங்கிய உள்நுழைவு, வெளியீட்டு நாளன்று ஊரார் முன்னிலையில் பல்லிளிப்பது இதனால்தான். பிளே கன்சோல் பக்கத்தில் செயலி ஒப்பம் என்னும் பகுதியில் அச்சான்றிதழின் கைரேகை பதினாறடி எண்களாகத் தரப்பட்டிருக்கும். அதனைப் பேஸ்64 வடிவுக்கு மாற்றி, முன்னதாகவே பதிவில் சேர்த்துவிட்டால் விழா நாளன்று தலைகுனிய நேராது. ஐபோனுக்கு இத்தொல்லை இல்லை. பண்டில் ஐடி என்னும் தொகுப்புப் பெயர் ஒன்றே போதும்.

இங்கே ஓர் இளைஞர் கேட்ட வினா நல்ல வினா. “ஐயா, சேர்க்கை எண் இரகசியமன்று என்கிறீர்கள். அப்படியானால் செயலிக்கென ஓர் இரகசியச் சொல்லைச் சேவையிடம் வாங்கி, அதனைச் செயலிக்குள்ளேயே எழுதி வைத்தால் என்ன?” என்றார். கிளையன்ட் சீக்ரட் என்னும் இரகசியச் சொல்லை அப்பதிவுப் பக்கத்திலேயே உண்டாக்க முடியும் என்பது உண்மை. ஆனால் அது பூட்டிய அறையில் இருக்கும் வழங்கிக் கணிப்பொறிக்கு உரியது. கைப்பேசிச் செயலியோ ஆயிரம் பேர் கையில் இருக்கும். அதன் தொகுப்பைப் பிரித்துப் பார்க்கும் கருவிகள் விலையின்றியே கிடைக்கின்றன. ஆயிரம் பேரிடம் கொடுத்த சாவியை இரகசியச் சாவி என்று கூறுவது எவ்வாறு? ஆதலின் கைப்பேசிச் செயலியைப் பொதுக் கிளையன்ட் என்று விதிகள் வகைப்படுத்துகின்றன. இரகசியத்தை நம்பாமலே அதனைக் காக்கும் உபாயம் ஒன்று 2015-இல் விதியாக வெளிவந்தது. பி.கே.சி.இ. என்பது அதன் பெயர். பிக்சி என்று ஒலிப்பர்.

அதன் அமைப்பு அழகானது. உள்நுழைய வேண்டிய ஒவ்வொரு முறையும் செயலி, 43 முதல் 128 வரை எழுத்துகள் கொண்ட சொல் ஒன்றைத் தற்செயலாக ஆக்கித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. அச்சொல்லை எஸ்எச்ஏ-256 என்னும் கணக்கினால் சுருக்கி, அச்சுருக்கத்தை மட்டும் சேவைக்கு முதலில் அனுப்புகிறது. சுருக்கத்திலிருந்து சொல்லை மீட்க இயலாது. பயனர் தம்மை மெய்ப்பித்தபின், சேவை உடனே சான்றைத் தருவதில்லை. ஒருமுறை மட்டுமே செல்லும் குறியீடு ஒன்றைத் திரும்பும் முகவரிக்கு அனுப்புகிறது. செயலி அக்குறியீட்டோடு முன்னர் மறைத்து வைத்த சொல்லையும் சேர்த்துக் கொடுத்தால்தான் சான்று கிடைக்கும். பூட்டை முன்னே அனுப்பிச் சாவியைப் பின்னே கொண்டு செல்வது போன்றது இது. வழியில் வேறொரு செயலி அதே முகவரியைத் தன்னுடையது என்று கைப்பேசியிடம் கூறிக் குறியீட்டைப் பறித்துக்கொண்டாலும், சாவி இல்லாமையால் அதற்குப் பயன் இல்லை. மைக்ரோசாஃப்ட் தரும் எம்எஸ்ஏஎல் என்னும் நிரல் நூலகத்தைப் பயன்படுத்தினால் இவையனைத்தும் தாமே நடக்கும். ஆயினும் தாமே நடப்பதை இன்னதென்று அறிந்து வைத்திருப்பவரே நேர்முகத் தேர்வில் விடை சொல்வார்.

உள்நுழைவுப் பக்கம் செயலிக்குள்ளேயே ஒரு சன்னலாகத் தோன்றினால் அழகாக இருக்குமே என்று தோன்றலாம். அது தகாது. அச்சன்னல் செயலியின் ஆட்சிக்கு உட்பட்டது. அதில் தட்டச்சு செய்யும் எழுத்துகளைச் செயலி ஒட்டுக்கேட்க முடியும். கைப்பேசியின் உலாவியிலேயே அப்பக்கம் திறக்க வேண்டும் என்று 2017-இல் வெளியான விதி வற்புறுத்துகிறது. கூகுளும் 2021 முதல் உட்சன்னல் வழியாக வரும் உள்நுழைவுகளைத் தடுத்துவிட்டது. நம் பெற்றோருக்கும் இதனைச் சொல்லி வைக்க வேண்டும். தெரியாத செயலி ஒன்று தன் சன்னலுக்குள்ளேயே கூகுள் கடவுச்சொல்லைக் கேட்டால், கொடுக்க வேண்டா.

இனி, கிடைக்கும் சான்றின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். டோக்கன் எனப்படும் அச்சான்று புள்ளிகளால் பிரிந்த மூன்று பகுதிகளை உடையது. மூன்றாவது பகுதி முத்திரை. முதலிரண்டையும் எவரும் பிரித்துப் படிக்கலாம். அவை மறைகுறியாக்கப்பட்டவை அல்ல. முத்திரையைப் போலியாக இட முடியாது என்பதே அதன் வலிமை. ஆகையால் வருகைப் பதிவை வைத்திருக்கும் நம் வழங்கி, தன்னிடம் வரும் ஒவ்வொரு சான்றிலும் முத்திரையைச் சரிபார்க்க வேண்டும். அது நம் செயலிக்கென எழுதப்பட்டதா, காலம் கடந்ததா என்றும் பார்க்க வேண்டும். வழங்கியிடம் காட்டும் சான்றின் ஆயுள் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அது முடிந்ததும், புதுப்பிக்கும் சான்றைக் காட்டிச் செயலி புதியதைப் பெற்றுக்கொள்ளும்.

சான்றில் ஆளைக் குறிக்கும் எண்கள் இரண்டு உள்ளன. ஓஐடி என்பது நம் வளாகம் முழுவதும் ஒருவரைக் குறிக்கும் எண். சப் என்பது செயலிக்குச் செயலி மாறும் எண். ஒரே ஆள் இரண்டு செயலிகளில் நுழைந்தாலும் இரண்டிலும் வெவ்வேறு எண்ணாகவே தோன்றுவார். மின்னஞ்சலைக் கொண்டு ஆளைக் குறித்தால், அது மாறும்பொழுது கணக்கு அறுந்துவிடும். வேறொருவர் அம்முகவரியைப் பெற்றால் பழையவர் கணக்கு அவரிடம் போய்விடவும் கூடும். எனவே நம் கிடங்கில் ஓஐடியைத் திறவுகோலாக வைத்தோம்.

அவ்வெண்ணில் ஊர் இல்லை, தெரு இல்லை, தந்தை பெயர் இல்லை. இதனை நாம் அறிந்து மகிழ்ந்தோம் என்றால் ஏன் என்று இவ்வவையில் விளக்க வேண்டுவதில்லை. ஒருவர் பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, அதன்பின் திண்ணையா முற்றமா என்று முடிவு செய்த காலத்தை இங்கே அமர்ந்துள்ள முதியோர் அறிவர். பிறர் வைத்த வாயில்களில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தாமே ஒரு வாயிலைச் செய்கின்றனர். அவ்வாயிலில் என்ன கேட்பது என்பது அவர்கள் கையில் இருக்கிறது.

அண்மையில் மாணவர் செயலி ஒன்றைக் கண்டோம். அதன் பெயரைக் கூற விரும்பவில்லை. வினாடி வினா விளையாடுவதற்கான செயலி அது. அதன் பதிவுப் படிவத்தின் நான்காம் கட்டம் சாதி. அதனை நிரப்பாமல் அடுத்த பக்கம் செல்ல இயலாது. வினாடி வினாவுக்கும் சாதிக்கும் என்ன தொடர்பு? கேட்பதற்கு இடம் இருக்கிறது, ஆகையால் கேட்டிருக்கின்றனர். வேறு காரணம் தென்படவில்லை. நாம் கூறிய சேவையிலும் பதிவுப் படிவத்தில் எவ்வெக் கட்டங்கள் இருக்க வேண்டும் என்பதை நிருவாகியே தேர்கிறார். பெயர், ஊர், அஞ்சல் குறியீடு என்று ஆயத்தமாக உள்ளவற்றோடு, நம் விருப்பப்படி புதிய கட்டங்களையும் சேர்க்கலாம். நம் பிள்ளைகள் அங்கே பெயர் ஒன்றை மட்டுமே வைத்தனர். அதுவும் அவரவர் தம்மை எவ்வாறு அழைக்க விரும்புகின்றாரோ அப்பெயர். முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரு கட்டங்கள் வைத்தால், முன்னெழுத்து வைத்து எழுதும் நம்மவர் எதனை எங்கே எழுதுவர்? சாதிச் சான்றிதழ் உதவித்தொகை விண்ணப்பத்துக்குத் தேவையானது. அதனை உரிய அரசு இணையதளத்தில் மாணவரே ஏற்றுவார். விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது என்று மட்டும் நம் செயலி குறித்துவைத்தால் போதும். சான்றிதழின் படி நம்மிடம் வேண்டா.

ஆதார் எண்ணையே உள்நுழைவுப் பெயராக வைத்தால் எளிது அல்லவா என்று கழக உறுப்பினர் ஒருவர் கேட்டார். அது தகாது. தனியார் அமைப்புகள் ஒப்பந்தத்தின் பேரில் ஆதாரைக் கோர இடமளித்த பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று நீக்கியது. அன்றியும் ஆதார் எண் வாழ்நாள் முழுவதும் மாறாதது. களவு போன கடவுச்சொல்லை மாற்றலாம். களவு போன ஆதார் எண்ணை என் செய்வது? மேலும் 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோர் அனைவரையும் குழந்தைகள் என்றே கருதுகிறது. அவர்தம் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும் என்கிறது. நம் மாலை வகுப்பில் பெரும்பாலோர் அவ்வயதினரே. ஆகையால் சேர்க்கைப் படிவத்திலேயே, செயலியில் எவ்விவரம் பதியப்படுகிறது என்று தமிழில் நான்கு வரிகள் எழுதி, பெற்றோரை நேரில் வரவழைத்து, படித்துக் காட்டிக் கையொப்பம் பெறுவது என்று கழகச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. கையொப்பமிட இயலாதவரிடம் பெருவிரல் ரேகை பெறலாம். ஆனால் படித்துக் காட்டாமல் பெறலாகாது.

செயலிக்கு வேண்டிய இசைவுகளையும் சேவையிடம் குறித்துக் கேட்க வேண்டும். ஓபன்ஐடி என்பதும், மீண்டும் மீண்டும் நுழையாதிருக்கத் தேவைப்படும் ஆஃப்லைன் ஆக்சஸ் என்பதும் நமக்குப் போதும். இவ்வகை வளாகத்தில் பயனர் தாமே இசைவளிக்க இயலாது; நிருவாகி எல்லோர் சார்பிலும் ஒருமுறை இசைவளிக்கிறார். எல்லோர் சார்பிலும் என்பதனாலேயே, பட்டியலில் வேண்டாதவற்றைச் சேர்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தக் கூடாது.

மற்றொரு நடைமுறைச் செய்தி. பெருநகரத்துப் பொறியாளர் எழுதும் குறிப்புகள், ஒருவருக்கு ஒரு கைப்பேசி என்று எண்ணிக்கொண்டு எழுதப்படுபவை. நம் வீடுகளில் அவ்வாறன்று. தந்தை வேலையிலிருந்து திரும்பியபின் அக்காளும் தம்பியும் மாறி மாறிப் பயன்படுத்துவது ஒரே கைப்பேசியை. அக்காள் செயலியிலிருந்து வெளியேறிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். செயலி தன்னிடமிருந்த சான்றுகளை அழித்துவிடும். ஆனால் உலாவி அவளை நினைவில் வைத்திருக்கலாம். தம்பி உள்நுழைவுப் பொத்தானை அழுத்தினால், எதுவும் கேட்காமலே அவனை அக்காளின் கணக்குக்குள் உலாவி கொண்டுபோய் விட்டுவிடக் கூடும். அவள் எடுத்த நூல் அவன் பெயரில் திரும்பும். அவள் விண்ணப்பத்தின் நிலையும் வீடு முழுவதும் தெரியும். ஒரு பெண் எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள் என்பதை வீட்டாரிடம் அவளே, தான் விரும்பும் நேரத்தில் கூற வேண்டும், கைப்பேசி முந்திக்கொள்ளலாகாது. இதற்குத் தீர்வு எளியது. உள்நுழைவைக் கோரும்பொழுது பிராம்ப்ட் என்னும் குறிப்பில் ‘மீண்டும் மெய்ப்பிக்க’ என்று எழுதி அனுப்பினால், ஒவ்வொரு முறையும் சேவை புதிதாகவே கேட்கும். ஒருமுறை எண் வருவதற்குச் சில நொடிகள் கூடுதலாகும், ஆகட்டும்.

எஞ்சியிருப்பது, அப்பதிவின் உரிமை யாரிடம் இருப்பது என்பதே. செயலியைச் செய்த பிள்ளைகள் நாளை வேலைக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ செல்வர். செல்ல வேண்டும் என்பதுதானே நம் விருப்பமும். ஒருவருடைய சொந்தக் கணக்கில் எல்லாம் இருந்தால், அவர் சென்றபின் கழகம் பூட்டிய வீட்டின் முன் நிற்கும். ஆகவே செயலிப் பதிவுக்கு உரிமையாளர் இருவரேனும் குறிக்கப்பட வேண்டும். வளாகத்தின் நிருவாகக் கணக்குகள் கழகத்தின் பெயரிலேயே இரண்டு இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று நெருக்கடிக்கு மட்டும் உரியது. 2024 அக்டோபர் முதல் இந்நிருவாகப் பக்கங்களில் நுழைய இரண்டாம் மெய்ப்பித்தலையும் மைக்ரோசாஃப்ட் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. அவ்விரண்டாம் சாவி யார் கைப்பேசியில் இருக்கிறது என்பதைச் செயற்குழுவின் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். செயலியைக் கடைக்கு அனுப்பும் சாவிக் கோப்பின் படி ஒன்று கழகத்தின் இரும்புப் பெட்டியில், சங்கப் பதிவுச் சான்றிதழுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

எவரேனும் கைதவறிப் பதிவை நீக்கிவிட்டால் 30 நாளுக்குள் மீட்டுக்கொள்ளலாம். அதன்பின் புதிய பதிவு, புதிய எண் என்று தொடங்க வேண்டியதுதான். கைப்பேசிகளில் உள்ள பழைய செயலி அன்று முதல் ஒருவரையும் உள்ளே விடாது. புதிய பதிவில் சப் எண் எல்லோருக்கும் மாறிவிடும், ஓஐடி மாறாது. அதனைத் திறவுகோலாக வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வினா உடைய இளைஞர்கள், கூட்டம் முடிந்தபின் நூலக அறைக்கு வரலாம். செயலியைச் செய்யும் பிள்ளைகள் கணிப்பொறியுடன் அங்கே இருப்பர். நம்மைக் காட்டிலும் அவர்கள் தெளிவாகச் சொல்வர்.